கலண்டர் தாளில் மடித்த பொட்டலம்

எங்கள் இடத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சுற்றி வளைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இது நல்லதா? வெள்ளைக்காரப் பெடியன் கேட்டாலும், கல்லூரிக்குப் போகிற பெட்டை கேட்டாலும், எங்கள் ஆட்கள் கேட்டாலும் கேள்வி அதுதான். நல்லது கெட்டது சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு சின்னப் பழுப்புப் போத்தல், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, சுவரில் ஒட்டிய ஒரு நிற அட்டை. அதை வைத்துக்கொண்டு மனிதர்களுக்குப் பதில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சொல்லிச் சொல்லியே களைத்துப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லண்டனில் தோர்ண்டன் ஹீத், ரயிலடியில் இருந்து கொஞ்சத் தூரம் நடந்தால், முன்பு பல் டொக்டர் ஒருவர் வைத்திருந்த கட்டடம். முன்பக்கத்தில் ஊசி மாற்றுகிற யன்னல்; போதைப் பழக்கக்காரர் பாவித்த ஊசியைக் கொண்டுவந்தால் புது ஊசி கொடுப்போம். பின்னறையில் சனிக்கிழமை பின்னேரங்களில், அவர்கள் வாங்கின போதைச் சாமானைப் பார்த்துச் சொல்கிற சோதனை மேசை; எங்கள் ஆட்கள் பேச்சில் ‘ரெஸ்ட்’. நான் வேலைக்குச் சேர்ந்தது மேசைக்காக அல்ல. அந்தப் பக்கம் தமிழ்ச் சனம் பெருகிவிட்டது, தமிழ் பேசுகிற ஒருவர் வேண்டும், துண்டுப் பிரசுரங்களைத் தமிழில் எழுத வேண்டும் என்று கவுன்சில் சொன்னதால் என்னை எடுத்தார்கள். எழுதினேன். எங்கள் தமிழ்க் கடை ஒன்றில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த கிழமை போனபோது கடைக்காரர் அதில் மீன் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உதை இஞ்சை வைச்சால் என்ரை கடைக்கு ஆர் வருவினம்? எங்கடை சனத்துக்கு உந்தப் பழக்கம் இல்லையெல்லோ" என்றார்.

அவருடைய சொந்த மருமகன் அதற்கு முதல் நாள்தான் எங்கள் யன்னலில் நின்றான். நான் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

மேசையில் வேலை செய்கிற முறை இதுதான். சட்டப்படி அந்தப் பொருளை நாங்கள் தொடக்கூடாது. தொட்டால் வைத்திருந்த குற்றம் எங்கள் தலையில் விழும். அதனால் வருகிறவரே ஒரு தீக்குச்சி நுனியால் துளி சுரண்டித் தட்டில் போட வேண்டும். நான் போத்தலில் இருந்து ஒரு சொட்டு விடுவேன். நிறம் மாறும், அல்லது மாறாது. தட்டில் இருப்பதைக் கழுவி ஊற்றுவேன். மிச்சம் கொண்டுவந்தவருடையது, அவரே கொண்டுபோக வேண்டும். உள்ளூர்ப் பொலிசுக்கு எங்களைத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள். போத்தலில் இருந்தது கடும் அசிட். அதைப் பிரிஜ்ஜில் பால் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். என் நல்ல கார்டிகன்களில் ஓட்டை விழுந்தது அந்த அசிட் தெறித்துத்தான்.

ஊதாக் கறுப்பு வந்தால், பெடியன்கள் ஆடப் போகும்போது போடுகிற எக்ஸ்டசி அந்த மாத்திரைக்குள் இருக்கிறது. எல்லோரும் பிரவுண் என்று சொல்கிற ஹெரோயினுக்கும் ஊதாதான். செம்மஞ்சள் வந்தால் வேறொன்று. எதுவுமே வராவிட்டால், அந்தச் சொட்டுக்குத் தெரிந்தது எதுவும் அங்கே இல்லை. அவ்வளவுதான் சங்கதி. எவ்வளவு இருக்கிறது என்று சொட்டு சொல்லாது. கூட என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது. அதே பையில் கிடக்கிற அடுத்த குளிசை எப்படி என்று சொல்லவே சொல்லாது. எங்கள் மனேஜர் ஓர் ஐரிஷ்காரி. ஒன்று முடிய ஒன்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டே எங்களுக்குச் சுகாதாரம் படிப்பிக்கிற மனுஷி. இந்த மூன்றையும் எங்களுக்குப் பாடமாக்கித் தந்து, ஒவ்வொருவருக்கும் தவறாமல் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தாள். சொல்லிப் பழகி, வீட்டில் கணவர் கறியை ருசி பார்த்துவிட்டு "உப்புக் காணுமோ?" என்று கேட்டால்கூட, ஒரு கரண்டியை வைத்து முழுச் சட்டியையும் சொல்லேலாது என்று வாயில் வந்துவிடும். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

சொன்னதை யாராவது கேட்டார்களா என்றால், அதுவும் இல்லை. பெடியன்கள் ஊதாவைக் கண்டவுடன் ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். நான் இரண்டாவது வசனத்தில் இருப்பேன், அவர்கள் படியில் இருப்பார்கள். போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது வசனத்தையும் சொல்லி முடிப்பேன். கடமை கடமைதானே.

எங்கள் ஆட்கள் வேறு மாதிரி. அவர்கள் தங்களுக்காக ஒருநாளும் வரமாட்டார்கள். கூட்டாளிக்காக வருவார்கள், கூட்டாளியின் தம்பிக்காக வருவார்கள், "வேலையிடத்திலை ஒரு வெள்ளை" என்பார்கள். பின்கதவால் வருவார்கள். வழியில் தெரிந்தவர்கள் கண்டால் கடைக்குப் போய்வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கையில் ஒரு சாமான் பையும் இருக்கும். எங்கள் பின்னறையில் எத்தனையோ கத்தரிக்காயும் மரவள்ளியும் வந்து இருந்துவிட்டுப் போயிருக்கின்றன.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் வந்தாள். பையில் இருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. கந்தசஷ்டி விரதகாலம், முகம் வாடிப் போயிருந்தது. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள் என்று மதிப்பிட்டேன்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம், இருங்கோ."

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டியள்தானே?"

"என்ரை மனிசனுக்கே சொல்லுறேல்லை. இருங்கோ எண்டுறன்."

இருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டே கதையைச் சொன்னாள். அவளுக்கு ஒரே தம்பி. எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்தவன். வால்தம்ஸ்டோவில் பெடியன்களோடு ஒரு வீட்டில் இருந்து, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்து, அங்கேயே பிரவுணும் பழகிவிட்டான். அவளுக்குத் தெரியவந்தபோது அவன் பாதி ஆளாகியிருந்தான். நோர்பரியில் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, சின்ன அறையில் போட்டு, அவன் எடுத்த சத்தியைத் துடைத்து, கஞ்சி பருக்கி, அந்தப் பழக்கத்தில் இருந்து வெளியே எடுத்தாள். தைப்பொங்கலோடு விட்டவன். பிறகு தொடவில்லை. பகல் ஷிப்டுக்குப் போகிறான், வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போகிறான், மருமக்களைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வருகிறான். அவளுடைய கணவர் அவனை வீட்டில் வைத்திருக்க ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். இன்னொரு தரம் என்றால் வெளியே.

"இவர் சொன்னாச் சொன்னதுதான் அக்கா. பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீடு எண்டு சொல்லுவார். பிழை எண்டும் சொல்லேலாது. ஆனா உவன் வெளியிலை போனால் நேரை அங்கைதான் போவான். பிறகு நான் அவனைக் காணமாட்டன்."

அன்று காலை உடுப்புத் தோய்க்கப் போட்டபோது அவனுடைய காற்சட்டைப் பைக்குள் இருந்தது என்று சொல்லி, முருங்கைக்காய்க்கு அடியில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தமிழ்க் கடைகளில் தருகிற நாட்கலண்டரில் கிழித்த தாள். மேலே ராகுகாலம், நல்ல நேரம் எல்லாம் தெரிந்தது. கோயிலில் திருநீறு வாங்கினால் எங்கள் ஆட்கள் எப்படி நாலு பக்கமும் மடித்து வைப்பார்களோ, அப்படி மடித்திருந்தது.

"திருநீறு மாதிரியெல்லோ கிடக்கு" என்றேன்.

"முந்தியும் இப்பிடித்தான் மடிச்சு வைச்சிருப்பான் அக்கா. என்னடா இது எண்டால் கோயில் திருநீறு எண்டுவான். நானும் விசரி, நம்பிப் போய் சாமித்தட்டிலை வைச்சனான். ஒருநாள் பிள்ளையளுக்கு நெத்தியிலையும் பூசி விட்டனான்."

சொல்லிவிட்டு அவளே ஒரு சிரிப்புச் சிரித்தாள். என்ன சிரிப்பு அது, கடவுளே.

"அவனிட்டைக் கேக்கேல்லையோ?"

"கேட்டு? திருநீறு எண்டாலும் திருநீறு எண்டுதான் சொல்லுவான். அது எண்டாலும் திருநீறு எண்டுதான் சொல்லுவான்."

பாவிக்கிறவரே கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் விதி. குடும்பத்தார் கொண்டுவந்தால் பார்ப்பதில்லை. உளவு பார்க்கிற இடமாகிவிடும் என்பது மனேஜரின் பயம். போய் அவளிடம் கேட்டேன். அவள் கதவால் எட்டி, மேசையில் இருந்த பெண் பையை மடியோடு இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். "செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பெண் பொட்டலத்தை விரித்தாள். சாம்பல் நிறமும் இல்லை, மண்ணிறமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். பார்த்துச் சொல்ல முடியாது. தீக்குச்சியால் சுரண்டும்போது பாதி மேசையில் கொட்டியது. நான் ஒரு சொட்டு விட்டேன். விட்ட கையோடு அது நுரைத்துப் பொங்கியது.

"ஐயோ அக்கா! என்ன இது பொங்குது?" என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

குளிசை எதுவும் அப்படிப் பொங்கி நான் கண்டதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. சாம்பலில் அசிட் பட்டால் நுரைக்கும். குனிந்தேன், அசிட் நாற்றத்துக்கு மேலால் மெல்லிய சந்தன வாசம். கோயிலில் தந்த சந்தனத்தை அவன் அதே தாளில் திருநீற்றோடு மடித்திருக்க வேண்டும், காய்ந்து உதிர்ந்து கலந்திருக்க வேண்டும். நிறம் மண்ணிறமாக இருந்ததும் அதனால்தான் என்று பட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். ஒரு பெடியன் தப்பினான் என்று இருந்தது.

"தங்கச்சி, இதிலை திருநீறு இருக்கு. சந்தனமும் கிடக்கு போலை."

"முருகா!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள்.

அதற்குள் நுரை அடங்கியது. அடங்கின இடத்தில் ஒரு கறுப்பு பரவியது. தட்டை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஊதாவா, கரிக்கறுப்பா? நிற அட்டையில் அப்படி ஒரு நிறமே இல்லை. சந்தனம் மரம்தானே, கடும் அசிட்டில் கருகும். கருகினால் அதுவும் கறுக்கும். அதற்குள் வேறு ஏதாவது கிடந்து ஊதா காட்டினாலும் என் கண்ணுக்குத் தெரியாது. சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

"அழாமல் கேளுங்கோ. திருநீறு இருக்கெண்டுதான் சொன்னனான். வேறை ஒண்டும் இல்லையெண்டு சொல்லேல்லை."

"அப்ப அது இல்லையெண்டு சொல்லுவியளோ?"

"சொல்லேலாது."

"இருக்கெண்டோ?"

"அதுவும் சொல்லேலாது. இந்தக் கறுப்பு சந்தனம் கருகினதாலையும் வரும்."

"உங்களுக்கு என்ன படுது அக்கா?"

"எனக்குப் படுறது திருநீறு எண்டுதான். ஆனா எனக்குப் படுறது ரெஸ்ட் இல்லை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். விளங்கியது, எனக்குத் தெரியும் விளங்கியது என்று. மக்கு இல்லை அவள். வேறு போத்தல் எங்களிடம் இல்லை. ஒழுங்கான லாப் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். எங்களைப் போன்றவர்கள் தட்டினால் கதவு திறக்காது. அதையும் சொன்னேன். கும்பிட்டுவிட்டு, பொட்டலத்தை மடித்து முருங்கைக்காய்க்கு அடியில் வைத்துக்கொண்டு போனாள். விரதம் இருக்கிற மனுஷி, வந்ததைவிடத் தெளிந்த முகத்தோடு போனது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. கணவருக்கோ தம்பிக்கோ ஒன்றும் தெரியாது. பொட்டலத்தைக் காற்சட்டைப் பைக்குள் திரும்ப வைத்திருந்தால் எல்லாம் முடிந்தது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு வீட்டில் ஒருவர் மேல் ஒரு பழி இருந்தால், அது தீர்ந்ததை நாலு பேருக்குச் சொன்னால்தான் தீர்ந்த மாதிரி. தம்பியின் பெயர் சுத்தமாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்று இரவே கணவரிடம் சொல்லிவிட்டாள். இவர் இனி அவனை ஒழுங்காகப் பார்ப்பார், ஒரு வாய் கதைப்பார், கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கமாட்டார் என்று நினைத்தாளாம். "ஒரு இடத்திலை குடுத்து ரெஸ்ட் பண்ணிப் பாத்தனான், திருநீறுதான்" என்றாளாம். அவர் முதல் கேட்ட கேள்வி, "எந்த இடம்?" இரண்டாவது கேள்வி, "ஏன் ரெஸ்ட் பண்ணவேண்டி வந்தது?"

அடுத்த சனிக்கிழமை அவரே வந்தார். எங்கள் ஆட்களில் முன்கதவால் வந்த முதல் ஆள் அவர்தான். கழுத்தில் ரை கட்டியிருந்தார். கவுன்சில் கந்தோரில் வேலை என்று சொன்னார்.

"என்ரை மனிசி ஒரு சாமான் கொண்டு வந்தவ. அதுக்குள்ளை போதைச் சாமான் இல்லையெண்டு நீங்கள் சொன்னனீங்களோ?"

யார் வந்தார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை என்றேன். அவர் விடவில்லை. சரி, பொதுவாகக் கேட்கிறேன் என்று தொடங்கினார். திருநீறும் சந்தனமும் கலந்த ஒரு பொட்டலத்தில் அது இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. இருக்கிறது என்று? அதுவும் முடியாது.

"அப்ப என்னத்துக்கு இந்த இடம்?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஊசி கொடுக்க, உயிரோடு வைத்திருக்க, உங்களைப் போன்றவர்களிடம் பேச்சு வாங்க என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். ஏனென்றால் அந்த மனிதர் கூடாதவர் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு முறை ஏமாந்த வீடு, தன் பிள்ளைகளின் நெற்றியில் எது பூசப்பட்டது என்று பிறகு தெரியவந்த தகப்பன். பயந்து போய்த்தான் ரை கட்டிக்கொண்டு வந்தார். ஆனாலும் எரிச்சல் வந்தது வந்ததுதான்.

அதற்கடுத்த கிழமை தம்பி வந்தான். பெற்றோல் ஸ்டேஷன் ஜக்கெற் போட்டிருந்தான். முப்பது வயது இருக்கும். என்னை அன்ரி என்றான். முப்பது வயதுக்காரனுக்கு நான் என்னடா அன்ரி என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தான், ஆனால் கடைசிவரைக்கும் அன்ரிதான்.

"அன்ரி, அதை விடுங்கோ. என்னை ரெஸ்ட் பண்ணுங்கோ."

"ஆளை ரெஸ்ட் பண்ண எங்களிட்டை ஒண்டும் இல்லையடா தம்பி."

"அக்கா கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். முந்திப் பொய் சொன்னனான்தான், இல்லையெண்டேல்லை. அதுக்காக இப்ப உண்மை சொல்ல ஏலாதோ?"

அவனை அவனுடைய ஜீ.பீ. டொக்டரிடம் அனுப்பினேன். சலம் கழித்துக் கொடுத்தால் பார்க்கிற சோதனை இருக்கிறது, கேட்டால் செய்வார்கள் என்றேன். கூடவே, அது கடைசி இரண்டு மூன்று நாளைத்தான் காட்டும் என்றும் சொன்னேன். சொல்லாமல் விட முடியாது. போனான். செய்தான். ஒன்றும் இல்லை என்று வந்தது. அத்தான்காரர் அதை மறுக்கவில்லை. "மூண்டு நாளைக்கு முன்னம்?" என்று கேட்டாராம்.

இதை எனக்குச் சொன்னது அக்காக்காரி. மார்கழி மாதம், இருட்டுக்கு முந்தின ஒரு பின்னேரம், மறுபடி வந்தாள். இந்த முறை கையில் சாமான் பை இல்லை. யார் கண்டாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் நடந்ததாம். கணவர் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார், அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி குசினிக்குள் வந்து, "அக்கா, அந்தச் சரையைத் தா" என்றான். அவள் அந்தப் பொட்டலத்தை மிளகாய்த்தூள் ரின்களுக்குப் பின்னால் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். அவன் கணவருக்கு முன்னால் போய் நின்று, தாளை விரித்து, "அத்தான், பாருங்கோ" என்று சொல்லி அவ்வளவையும் வாயில் கொட்டினான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாம்பல் தொண்டையில் அடைத்து இருமினான். இவள் கத்தினாள். அவன் செற்றிக் கதிரையில் போய் இருந்தான்.

"அதுவெண்டால் நான் விழுவன்தானே. பாத்துக்கொண்டு இருங்கோ."

பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கணவர் ரீவியை நிற்பாட்டினார். சோறு ஆறிப் போனது. பிள்ளைகள் பசிக்கிறது என்று இறங்கி வந்து, முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே ஏறிப் போனார்கள். அவன் விழவில்லை. கண் சொருகவில்லை. நேராக இருந்தான். எல்லாம் முடிந்தது, கடவுள் கண் திறந்தார் என்று இவள் எழும்பிக் கறியைச் சூடாக்கப் போனாள். அப்போது கணவர் சொன்னாராம்.

"பழகின உடம்பு. அதுக்கு உது காணாது."

தம்பி எழும்பி வாய் கொப்பளித்துவிட்டு, மேலே போய் உடுப்பை அடுக்கினானாம். அவர் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. விடிய அவனுடைய கட்டில் வெறுமையாக இருந்தது.

சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இவர் சொன்னது சரியோ அக்கா? பழகின ஆக்களுக்கு ஒண்டும் செய்யாதோ?"

இல்லை, அது மடைக்கதை என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் அது மடைக்கதை இல்லை. விடாமல் பாவிக்கிறவன் என்றால், சாம்பலோடு கலந்த கொஞ்சம் வாயால் போய் அவனை விழுத்தாமலும் விடும். விழாமல் இருந்தது திருநீறு என்பதாலும் இருக்கலாம், பழக்கம் என்பதாலும் இருக்கலாம். அவன் தன் உடம்பை வைத்துச் செய்த சோதனையும் எங்கள் போத்தலைப் போலத்தான். ஒன்றையும் முடிக்கவில்லை.

"சரியாயும் இருக்கலாம்" என்றேன்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று எங்கள் இடத்திலேயே ஒருத்தி பிறகு கேட்டாள். ஏன் சொல்ல வேண்டும்? பொய் சொல்ல அவளுடைய சொந்தக்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். அவள் என்னிடம் வந்தது அதற்கில்லை. இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சொல்லிவிட்டு, அன்றைக்குப் போல வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுப்பேன்.

"அப்ப நான் எதைத்தான் நம்புறது?" என்றாள்.

"உங்கடை தம்பியை நம்புங்கோ."

"அதுதானே அக்கா ஏலாமக் கிடக்கு."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவன் வால்தம்ஸ்டோவில் பழைய வீட்டுக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்களாம். போன் எடுத்தால் வேறு யாரோ எடுத்து, ஆள் இல்லை என்று வைத்துவிடுகிறார்களாம். தைப்பொங்கலுக்காவது வருவான் என்று சொல்லிவிட்டுப் போனாள். தைப்பொங்கல் வந்து போனது. அவளும் வரவில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். முன் யன்னலில் என் முறை. ஊசி மாற்ற வந்த ஒருவன் மஞ்சள் பெட்டிக்குள் தன்னுடைய பழைய ஊசிகளைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். எனக்கு முதலில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. "அன்ரி" என்ற பிறகுதான் தெரிந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. அந்த ஜக்கெற் இல்லை.

யன்னலில் நின்று கேள்வி கேட்பதில்லை என்பது விதி. "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம் அன்ரி."

பொய். விட்டுவிட்டேன். புது ஊசிகளைக் கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவன் போகவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தான்.

"இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

செவ்வாய்க்கிழமையில் சோதனை இல்லை. இருந்தும் பின்னறைக்குக் கூட்டிப் போனேன். தட்டை வைத்தேன். அவனே சுரண்டிப் போட்டான், கை பழகியிருந்தது. சொட்டை விட்டேன். நுரைக்கவில்லை. நல்ல ஊதா, விட்டவுடனே, சுவரில் இருக்கிற அட்டையில் உள்ளபடியே வந்தது. நான் மூன்று வசனத்தையும் தொடங்கினேன். எவ்வளவு இருக்கிறதென்று இது சொல்லாது.

"தெரியும் அன்ரி" என்றான். எழும்பிப் போகாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"அக்கா வந்து கேட்டால் சொல்லுங்கோ. இந்த முறை நிச்சயமாச் சொல்லலாம்தானே."